எந்தப் பெட்டியில் என் பிள்ளை?

போன வாரம் மருமகள் என் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு வெகு நேரம் நோண்டினாள்.

காரணம் இருக்கிறது. இந்தப் பத்திக்கான குறிப்புகள், கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டிய ஞாபகம், டாக்டர் சொன்ன மாத்திரைப் பெயர், பேரன் கேட்ட கலர் பென்சில் — எல்லாவற்றையும் போனில் ஒரே இடத்தில் கொட்டி வைத்திருந்தேன். எழுதுவதில் குறை இல்லை. தேடினால்தான் எதுவும் கிடைக்காது. ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள் அப்படித்தான் தவறிப்போனது.

"ஃபோல்டர் போட்டுட்டேன் அத்தை. வீடு, ஆஸ்பத்திரி, பத்திரிகைன்னு. ஆனா அது மட்டும் போதாது. டேக்கும் போடணும்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லை. ஒரு குறிப்பு ஒரு ஃபோல்டர்லதான் இருக்கும். டேக் எத்தனை வேணும்னாலும் ஒட்டலாம். இந்த ரத்தப் பரிசோதனையையே எடுத்துக்கோங்க... அது ஆஸ்பத்திரி, பணம், அவசரம், மூணும்தான். எதைத் தொட்டாலும் வந்து நிக்கும்."

சொல்லிக்கொண்டே 'அவசரம்' என்பதற்கு ஒரு சிவப்புப் பட்டையைத் தேர்ந்தெடுத்தாள்.

"சிவப்பு வேண்டாம்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது.

"டேக்குக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா அத்தை?"

அவளுக்குத் தெரியாது. உங்களிடமும் சொன்னதில்லை. இத்தனை வருஷமாக வாராவாரம் என்னென்னவோ பேசியிருக்கிறோம்... இதை மட்டும் நான் எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

எண்பதுகளின் ஆரம்பம். எங்களுக்குத் தென்காசியில் வீடு. எனக்குத் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. மகன் கார்த்திகேயனுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இவரும் நானும் அவனைத் தூக்கிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனோம். தென்காசிக்காரர்கள் குற்றாலத்துக்குப் போவதெல்லாம் ஒரு பயணமா? மாற்றுத்துணியை ஒரு பையில் திணித்தால் முடிந்தது. அவர் துண்டை மறந்துவிட்டார். வழியில் ஒரு கடையில் நீல நிறத்தில் ஒன்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அந்தக் கடையில் எல்லாமே நீலம்தான்.

ஐந்தருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பிள்ளை அப்பாவோடு போவேன் என்று அடம் பிடித்தான். போனான்.

நான் தலையைக் கொடுத்து நின்றேன். எங்கள் பக்கம் வெயில்கூட அடித்தது. மலைக்கு மேலே மழை கொட்டுகிறது என்று கீழே நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

முதலில் மாறியது சத்தம். அருவிக்கு ஒரு சத்தம் உண்டு, கொஞ்ச நேரத்தில் காது அதற்குப் பழகிவிடும். அது திடீரென்று கனத்தது. அடிவயிற்றில் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் தண்ணீர் செம்மண் நிறம். மரக்கிளை ஒன்று என் காலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. யாரோ விசில் ஊதினார்கள். அப்புறம் எல்லாப் பெண்களும் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

நான் ஓடவில்லை. கால் வரவில்லை. அப்படியே தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏட்டி, கம்பிய விடு! விடுங்கேன்லா!"

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். படி ஏறித் திரும்பிப் பார்த்தேன். நான் பிடித்திருந்த கம்பி தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது.

ஆண்கள் பக்கம் போக விடவில்லை. நடுவில் வெள்ளம். ஈரப் புடவையோடு எங்கள் எல்லாரையும் ஒரு லாரியில் ஏற்றிக் குற்றாலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கொண்டுவந்து இறக்கினார்கள். வழி முழுக்க அந்தப் பெண் என் மணிக்கட்டை விடவில்லை. அவள் பெயர் செல்லத்தாய். சுரண்டைக்காரி. அவள் புருஷனும் ஆண்கள் பக்கம்தான் குளித்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சத்திரத்தில் போலீஸ்காரர்கள் மேஜை போட்டிருந்தார்கள். காணாமல் போனவர்களைப் பற்றித் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். மைக்செட்டில் பெயர் வாசிப்பார்கள். அந்த இரைச்சலில் எல்லாப் பெயரும் ஒரே பெயராகத்தான் கேட்டது.

எல்லா அருவியிலும் வெள்ளம் என்றார்கள். மெயின் அருவி, பழைய அருவி, ஐந்தருவி — எங்கிருந்தெல்லாமோ ஜனம் வந்து குவிந்தது. 'காணோம்' என்று எழுதிய சீட்டு, 'கிடைத்திருக்கிறார்' என்று எழுதிய சீட்டு, எல்லாம் மேஜை மேல் ஒரே குவியல். மின்விசிறிக் காற்றில் பாதி பறந்து தரையில் கிடந்தது. என் பிள்ளையின் பெயர் எழுதிய சீட்டும் அதில் ஒன்று.

சப்-இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எழுதப் படிக்கத் தெரிஞ்சவுக யாராச்சும் கூட ஒத்தாசைக்கு வாங்க."

நான் கையைத் தூக்கினேன். தொண்டு செய்யும் எண்ணமெல்லாம் இல்லை. என் சீட்டு எங்கே போகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். செல்லத்தாய்க்கு எழுத வராது. அவளுக்கும் நான்தான் எழுதினேன்.

"பேரு?"

"பரமசிவம்னு எழுதுங்க. முப்பது வயசு முடிஞ்சிருக்கும். நீலத் துண்டு கட்டியிருந்தாக."

"அடையாளம் ஏதாவது?"

அந்த நிலையிலும் அவள் முகத்தில் ஒரு கூச்சம். "வலது கையில என் பேரப் பச்சை குத்தியிருப்பாக. நா வேண்டாம்னுதான் சொன்னேன்... கேக்கல."

என்னோடு ஒத்தாசைக்கு வந்தவர் ஒருவர்தான். சாகுல் அண்ணன். கடையநல்லூர். துபாயில் ஒரு பெரிய கடையின் ஸ்டோரில் வேலை, லீவில் வந்திருந்தார். அவரோடு குளிக்க வந்த சேக்காளிகள் எல்லாரும் கரையேறிவிட்டார்கள். அவர் மட்டும் வீட்டுக்குப் போகாமல் நின்றுவிட்டார்.

முதலில் செருப்புக்கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்தோம். மெயின் அருவிக்கு ஒரு பெட்டி, பழைய அருவிக்கு ஒன்று, ஐந்தருவிக்கு ஒன்று. சீட்டைப் படித்துப் படித்து அந்தந்தப் பெட்டியில் போட்டோம். சரியான ஏற்பாடு என்றுதான் நினைத்தேன்.

ஐந்தருவிப் பெட்டியை நான் எத்தனை முறை கவிழ்த்துப் பார்த்திருப்பேன்? 'கார்த்திகேயன்' என்ற பெயரில் ஒரே ஒரு சீட்டு. அது நான் எழுதியது. மறுபடி மறுபடி என் கையெழுத்தே என் முன்னால் வந்து விழுந்தது. கடைசியில் அதைத் தொடவே பயமாக இருந்தது.

"தங்கச்சி, இது தேறாது" என்றார் சாகுல் அண்ணன். "ஒரு பெட்டிக்குள்ள போட்டா அது அந்தப் பெட்டிக்கு மட்டுந்தான் சொந்தம். காணாமப் போன எடம் ஒண்ணு. ஆளு ஒதுங்குன எடம் இன்னொண்ணா இருக்கும். எந்தப் பெட்டின்னு பாப்பீக? அங்க ஸ்டோர்ல நாங்க சாமானுக்குக் கலர் துணி கட்டித் தொங்கவிடுவோம். தூரத்துல இருந்து பாத்தாலே தெரிஞ்சிரும்."

"கலர் துணிக்கு இப்ப எங்க போக?"

எதிரே வளையல் கடை. அவர் போய் ஏதோ சொன்னார். கடைக்கார அம்மா தலை ரிப்பன் சுருள்களை அப்படியே அள்ளிக் கொடுத்துவிட்டார், கத்திரிக்கோலோடு.

பிள்ளைகளுக்குச் சிவப்பு. பெண்களுக்கு மஞ்சள். ஆண்களுக்குப் பச்சை. 'கிடைத்தவர்' சீட்டாக இருந்தால் கூடவே ஒரு வெள்ளை. சீட்டின் மூலையில் ஊசியால் துளை போட்டு ரிப்பன் துண்டைக் கோத்துக் கட்டினோம். சப்-இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "என்னமும் செய்யுங்க பாய். ஆள் சேந்தாப் போதும்" என்று மைக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

கட்டிக்கொண்டிருக்கும்போது பயம் வந்ததா? வரவில்லை. அதுதான் ஆச்சரியம். ரிப்பனை வெட்டு, துளை போடு, முடிச்சுப் போடு... கைக்கு வேலை இருக்கிற வரைக்கும் மனசு கொஞ்சம் தள்ளி நின்றது. ரிப்பன் கட்டி முடிந்ததும் பயம் முன்னைவிட வேகமாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. இனிமேல் பார்க்க வேண்டுமே! பார்த்தும் இல்லையென்றால்?

"எல்லாப் பெட்டியில இருந்தும் சிவப்பும் வெள்ளையும் சேந்து இருக்கத மட்டும் எடுங்க" என்றார் சாகுல் அண்ணன்.

எடுத்தேன். மெயின் அருவிப் பெட்டியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. ஒரு போலீஸ்காரரின் கிறுக்கல் எழுத்து.

'ஆண் குழந்தை. மூணு வயசு இருக்கும். பேரு கேட்டா குட்டி என்கிறான். அப்பா பேரு கேட்டா ஏங்க என்கிறான். ரோட்டு மேல சிப்ஸ் கடையில் இருக்கிறான்.'

ஏங்க!

எங்கள் பக்கம் எந்தப் பெண் அந்தக் காலத்தில் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்? நானும் காலையிலிருந்து இரவுவரை 'ஏங்க, ஏங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். பிள்ளை அதுதான் அப்பாவின் பெயர் என்று நினைத்திருக்கிறான். கார்த்திகேயன் என்ற பெயரை நாங்கள் வீட்டில் உச்சரித்ததே இல்லை, எங்களுக்கு அவன் குட்டிதான். நான் எழுதிக் கொடுத்த பெயரை மைக்கில் எத்தனை முறை கூவினாலும், அவனே கேட்டாலும், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் இருந்திருப்பான்.

சிரித்தேனா அழுதேனா, தெரியாது. ஓடினேன்.

யாரோ ஒரு புண்ணியவான் வெள்ளத்திலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி, தன் குடும்பத்தோடு வேனில் ஏற்றி, மெயின் அருவி ரோடு வரைக்கும் கொண்டுவந்து, கடையில் விட்டுப் போலீசிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெயரை இன்றுவரை நான் அறியேன். பிள்ளை ஒரு சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து நேந்திரங்காய் சிப்ஸைக் கடித்துக்கொண்டிருந்தான். தூக்கி அணைத்துக்கொண்டேன். உடம்பு சில்லென்று இருந்தது.

அவன் என் காதருகே சொன்னான்.

"அப்பா தண்ணிக்குள்ள போயிட்டாக."

இதற்குப் பிறகு நான் எப்படி நடந்து சத்திரத்துக்கு வந்தேன் என்பது நினைவில் இல்லை.

செல்லத்தாய் ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். முந்தானையால் தலையைத் துவட்டினாள். "புள்ள வந்துட்டாம்லா? அவுகளும் வந்துருவாக. ரெண்டு பேரும் சேந்துதான் எங்கனயாச்சும் ஒதுங்கியிருப்பாக. நம்ம வீட்டுக்காரவுக ரெண்டு பேருமே பயந்தாங்கொள்ளியா இருப்பாக, பாருங்க" என்று என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். பிள்ளை அவள் மடியிலேயே தூங்கிப்போனான்.

மறுபடி ரிப்பன். இப்போது பச்சையும் வெள்ளையும். நிறைய இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தோம். பெயர் பொருந்திய குடும்பங்களைக் கூப்பிட்டு அனுப்பினோம். கட்டிப்பிடித்து அழுதார்கள், எங்கள் கையைப் பிடித்துக் கும்பிட்டார்கள். கூட்டம் குறையக் குறைய எனக்கு உள்ளுக்குள் குளிர் ஏறியது. குவியலாக இருந்தவரை ஒரு நம்பிக்கை... இந்தக் குவியலில் எங்கேயோ அவர் இருக்கிறார் என்று. ஒவ்வொரு சீட்டாகக் குறையும்போது அந்த இடமும் குறைகிறதே!

அப்போதுதான் தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து ஒரு சீட்டைக் கொடுத்தார்.

'ஆண். சுமார் முப்பது வயது. நீலத் துண்டு. உயிர் இல்லை. பெயர் தெரியவில்லை.'

சாகுல் அண்ணன் வாசித்தார். என்னிடம் கொடுக்கவில்லை. நான் வாங்கிப் பார்த்தேன். வெள்ளை ரிப்பனை எடுத்தவர் அதைத் திரும்ப மேஜையில் வைத்துவிட்டார். இந்தச் சீட்டுக்கு என்ன நிறம் கட்டுவது? இப்படி ஒரு சீட்டு வரும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

நீலத் துண்டு. முப்பது வயது.

இவருக்கு அப்போது முப்பத்தொன்று.

திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளித் தரையில் செல்லத்தாய். என் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரரும் நீலத் துண்டு. என் கையால் நான் எழுதியதுதானே... 'நீலத் துண்டு கட்டியிருந்தார்'.

அந்த நேரத்தில் என் மனசு என்ன வேண்டியது என்று கேட்கிறீர்களா? வேண்டாம், கேட்காதீர்கள். என் இடத்தில் இருந்தால் உங்கள் மனசும் அதைத்தான் வேண்டியிருக்கும்.

"அடையாளம் ஒண்ணும் எழுதலியே" என்று சாகுல் அண்ணன் அந்தப் போலீஸ்காரரிடம் மெல்லக் கேட்டார். "மச்சம், தழும்பு... எதுவும் பாத்தீகளா?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "கையில பச்சை குத்தியிருக்கு பாய். எதோ பேரு. நா சரியாப் பாக்கல."

நான் வாய்விட்டு மூச்சு விட்டேன். சத்தமாக. அந்தச் சத்தம் கேட்டுச் செல்லத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். போலீஸ்காரர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்க வராது. ஆனால் என் முகத்தை வாசித்துவிட்டாள்.

"யாருது?" என்றாள்.

நான் போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க வீட்டுக்காரவுகதானா?"

"தெரியல. பாத்துட்டு வந்துருவோம்" என்றேன்.

தெரியும்.

போலீஸ் ஜீப்பில் போனோம். பிள்ளை என் தோளில். செல்லத்தாய் வழியெல்லாம் அழவில்லை. ஒரே ஒருமுறை, "துண்டு எல்லாருந்தான் நீலம் வாங்குதாக" என்றாள். "ஆமா" என்றேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நுழைந்தோம். வரிசையாக பெஞ்சுகள். ஈரத்துணியோடு ஆட்கள். கடைசி பெஞ்சில் ஒருவர், கால் முழுக்கக் கட்டு, தலையில் கட்டு... வழியில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

இவர்.

வெள்ளம் அடித்து இழுத்துப் பாறையில் மோதி, யாரோ கயிறு போட்டு ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நினைவு தெளிந்ததும் பெயர், ஊர் எல்லாம் சொல்லியிருக்கிறார். அந்தச் சீட்டு எங்களிடம் வந்து சேர்வதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் இரண்டு கையையும் நீட்டினார்.

நான் போகவில்லை.

போக முடியவில்லை. என் இடது கை செல்லத்தாயின் கைக்குள் இருந்தது. அவள் அவரைப் பார்த்தாள். யாரென்று புரிந்துகொண்டாள். தன் கையைப் பிரித்துக்கொள்ளப் பார்த்தாள்.

"போங்க. உங்காளுதானே? போங்க."

பிள்ளையை மட்டும் இறக்கி விட்டேன். அவன் "அப்பா" என்று ஓடினான். நான் செல்லத்தாயோடு அந்த அறைக்குள் போனேன். போர்த்தியிருந்த துணிக்கு வெளியே வலது கை தெரிந்தது. பச்சை எழுத்து. ஒரு எழுத்து சற்றுக் கோணலாக இருந்தது.

அதற்கு மேல் எழுத வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

சில வருஷங்களுக்குப் பிறகு சுரண்டை பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை அவளைப் பார்த்தேன். தலையில் மிளகாய் வற்றல் மூட்டை. இறக்கி வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்காரவுக நல்லா இருக்காகளா?" என்று கேட்டாள். முழு மனசோடுதான் கேட்டாள். என்னால் 'நல்லா இருக்காக' என்று உடனே சொல்ல முடியவில்லை. சொல்வது குற்றம் போலத் தோன்றியது. அவள் பஸ் வந்துவிட்டது.

மருமகளிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அவள் போனை எடுத்து 'அவசரம்' என்பதற்கு வைத்த சிவப்பை மாற்றினாள்.

பயம் போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? இத்தனை வருஷத்தில் இவரைக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட விட்டதில்லை. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றதும் ஒரு குரல் கொடுப்பேன் — "ஏங்க?"

'ம்' என்று ஒரு சத்தம் வரும். அதற்கப்புறம்தான் அடுப்பில் தோசைக்கல்லை வைப்பேன்.